வக்கீல் வாதாடாத வருஷம்

எங்கள் குடும்பத்தில் வக்கீல் என்று ஒருவர் உண்டு. சட்டப் புத்தகத்தை அவர் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஆனால் எதை எடுத்தாலும் வாதம். கத்தரிக்காய் விலையிலிருந்து கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்பதுவரை அவருக்கு ஒரு கட்சி இருக்கும். எதிராளி அதை ஒப்புக்கொண்டுவிட்டால் உடனே எதிர்க்கட்சிக்குத் தாவிவிடுவார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் என்பதால் எனக்குச் சகலை. வக்கீல் என்று பேர் வைத்தது நான்தான். அந்தப் பேர் தனக்குப் பொருந்தாது என்று அவர் அரைமணி நேரம் வாதாடியதில் பேர் நிலைத்துவிட்டது.

அப்படிப்பட்டவர் ஐம்பதை நெருங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தார். எங்களில் யாருக்கும் அது நோயென்று தோன்றவில்லை. பக்குவம் என்று நினைத்தோம்.

"மனுஷன் தங்கமா மாறிட்டாருக்கா. சாப்பாட்டுல உப்பே போடலன்னாலும் பேசாம சாப்பிட்டுட்டு எழுந்து போறாரு" என்று என் கொழுந்தியாள் ஃபோனில் சொன்னாள். என் மனைவி ஃபோனைக் காதில் வைத்தபடியே என்னை ஒரு பார்வை பார்த்தாள். சில பேருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று அதற்கு அர்த்தம்.

மனம் சொல்லாததை உடம்பு சொல்லப் பார்த்தது. கழுத்து வலி என்றார். வயிறு கனமாக இருக்கிறது என்றார். விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு எழுந்திருக்கவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை என்றார். இடுப்பு வார் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது. தெருமுனை டாக்டர் ரத்தம் எடுத்தார், படம் எடுத்தார், சர்க்கரை பார்த்தார், தைராய்டு பார்த்தார், கடைசியில் எல்லாம் நார்மல் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். "எல்லாம் நார்மல்னா வலிக்கிறது யாருக்குண்ணே?" என்று வக்கீல் என்னிடம் கேட்டார். அந்த வருஷம் அவர் செய்த ஒரே வாதம் அதுதான்.

டாக்டர் கைவிட்டால் சொந்தக்காரர்கள் விடுவார்களா? வேலையைக் குறை என்றார் ஒருவர். வேலையைக் கூட்டு, சும்மா உட்கார்ந்தால்தான் இப்படி ஆகும் என்றார் இன்னொருவர். இடம் மாறிப் பார் என்றார்கள். என் பங்குக்கு நான் கண்ணைச் சோதித்துப் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டேன். கழுத்து வலி கண்ணாலும் வரும். கண்ணாடிக் கடைக்காரனுக்கு எல்லா வலியும் கண்ணால்தான் வரும். அவர் அதையும் மறுக்காமல் மாட்டிக்கொண்டு போனார். விலைகூடக் கேட்கவில்லை. எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

உறைத்தது நெட்டைக்கு. நெட்டை என்பவர் வக்கீலின் ஜோடி. லிஃப்ட் வேலையை ஒற்றை ஆள் செய்யக் கூடாது, ஜோடியாகத்தான் செய்ய வேண்டும். இவர்கள் கம்பெனியின் பொறுப்பில் இருப்பவை பெரும்பாலும் பழைய கட்டடங்கள். அங்கே ஒருவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நிற்பார். இன்னொருவர் மொட்டை மாடிக்குப் பக்கத்திலுள்ள மெஷின் அறையில், பேனல் முன்னால் நிற்பார். கூரைமேல் இருப்பவர் வாக்கிடாக்கியில் "மேல" என்றால், பேனலில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே நகர்த்துவார். கூரைமேல் இருப்பவரின் கை, கால், தலை எல்லாமே பேனலில் இருப்பவரின் விரலில் இருக்கின்றன. நெட்டையும் வக்கீலும் இப்படியே காலம் ஓட்டியவர்கள். நெட்டை எப்போதும் கூரைமேல், வக்கீல் எப்போதும் பேனலில்.

அன்றைக்கு நெட்டை "மேல" என்றார். வக்கீல் "மேல" என்று தெளிவாகத் திருப்பிச் சொன்னார். சொல்லிவிட்டுக் கீழே போகும் பொத்தானை அழுத்தினார்.

பெட்டி ஒரு சாண்தான் இறங்கியது. மேலே போகப்போகிறது என்று எண்ணி நெட்டை ஒரு கம்பியைப் பிடித்திருந்தார். கை வழுக்கி முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. நெட்டை கத்தவில்லை. வெளியே ஏறி வந்து, படியேறி மெஷின் அறைக்குப் போனார். வக்கீல் பேனல் முன்னால் நின்றபடி தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "என்னடா ஆச்சு?" என்று கேட்டதற்கு, "தெரியலடா. நான் இங்கதான் இருக்கேன், ஆனா இங்க இல்ல" என்றாராம்.

நெட்டை மேனேஜரிடம் போகவில்லை. நேராக வக்கீல் வீட்டுக்கு வந்தார். நானும் என் மனைவியும் அன்று அங்கே இருந்தோம். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று என் கொழுந்தியாளிடம் சொன்னார்:

"தங்கச்சி, தப்பா நெனைக்காத. இவனுக்கு என்னமோ ஆயிடுச்சு. பழைய ஆளா வர்ற வரைக்கும் இவனை நம்பி நான் மேல ஏற மாட்டேன்."

வக்கீல் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வேறொரு நாளாக இருந்தால் அந்தத் தெருவே கூடியிருக்கும். அன்று அவர் "அவன் சொல்றது நியாயம்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். தன் கட்சியைத் தானே விட்டுக்கொடுத்த வக்கீலைப் பார்த்ததும் என் கொழுந்தியாளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

அதன்பிறகுதான் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவு. பெரிய அலங்காரம் எதுவும் இல்லாத இடம். பச்சை பெயிண்ட் அடித்த நடைபாதை, பிளாஸ்டிக் நாற்காலி வரிசை, கையில் சீட்டு. அங்கே வக்கீலுக்கு நேர் எதிரே, அவர் பராமரிக்கும் ஒரு கட்டடத்தின் குடியிருப்புச் சங்கச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் நின்றுபோனால் ஃபோனில் கிழிகிழி என்று கிழிப்பவர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உடனே இருவரும் சுவரிலிருந்த கொசு ஒழிப்பு விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். அந்த விளம்பரத்தை அவ்வளவு கருத்தாக வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் ஓர் இளம் பெண். அவசரம் காட்டவில்லை. குடிப்பழக்கம் உண்டா, வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறாரா, எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் நாள்கணக்காக இருந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று வரிசையாகக் கேட்டார். வக்கீலின் பெரியப்பா ஒருவர் வருஷக்கணக்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர். பற்றற்றவர் என்று சொல்லி வீட்டில் அவருக்குத் தனி மரியாதையே இருந்தது. அதையும் டாக்டர் குறித்துக்கொண்டார். பிறகு கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்டார்.

"முன்னாடி ஆசையா செஞ்ச விஷயம் எதுவும் இப்ப செய்யப் பிடிக்குதா?"

"சண்டை போடப் பிடிக்கும் டாக்டர். இப்ப அதுவும் பிடிக்கல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாம இல்லாமப் போயிட்டா தேவலைன்னு எப்பவாவது தோணுதா?"

வக்கீல் சொன்னார்: "தெனமும் காலைல தோணுது."

"அதுக்காக ஏதாவது செய்யணும்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?"

"இல்ல. யோசிக்கிறதுக்கும் தெம்பு வேணுமில்ல?"

"வீட்ல சொன்னீங்களா?"

"யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

டாக்டர் அவர் சம்மதம் கேட்டு, வெளியே இருந்த என் கொழுந்தியாளை உள்ளே அழைத்து அவர் வாயாலேயே அதைச் சொல்லவைத்தார். அவள் கேட்டுவிட்டு அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஆளு திருந்திட்டாருன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே" என்று அழுதாள். எனக்கு இதை அவளே பிற்பாடு சொன்னாள். சொல்லும்போதும் அழுதாள்.

"இது மனச்சோர்வு நோய். டிப்ரஷன். மருந்தால குணமாகிற நோய்தான்" என்றார் டாக்டர்.

"சோம்பேறித்தனம் இல்லையே?" என்று வக்கீல் கேட்டார்.

"இல்ல."

அந்த ஒரு "இல்ல"வுக்காகவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார்.

காலையில் ஒரு மாத்திரை. அதோடு வாரம் ஒருமுறை பக்கத்து அறையில் ஆலோசகரிடம் பேச வேண்டும். ஆபத்தான எண்ணம் தலைதூக்கினால் எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லி ஓர் எண்ணை இருவர் ஃபோனிலும் பதியவைத்தார்கள். மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். முதலில் வந்ததெல்லாம் குமட்டலும் வாய் வறட்சியும்தான். "நோய் போதாதுன்னு இது வேற" என்று என் மனைவி சலித்துக்கொண்டாள். ஆலோசகர் தினமும் ஒரு சின்ன வேலையைச் செய்யச் சொல்லியிருந்தார். கடைக்கு நடந்துபோய்ப் பால் வாங்கி வர வேண்டும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். "மனசு வந்தாத்தான் செய்யணும்னு இல்லியாம்ணே. செஞ்சுட்டே இருந்தா மனசு பின்னாடி வருமாம்" என்று வக்கீல் நம்பிக்கையில்லாமல் என்னிடம் சொன்னார். ஆனாலும் போனார்.

மனசு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்தவர், நான் மாட்டிவிட்ட கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, "இதுக்கு எவ்வளவு போட்டீங்க? தேவையே இல்லாத கண்ணாடிக்கு இந்த விலையா? சொந்தக்காரன்னா இளிச்சவாயனா?" என்று ஆரம்பித்தார். கடையில் வாடிக்கையாளர்கள் வேறு இருந்தார்கள். என் மானம் கப்பலேறியது. ஆனால் எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கல்லா நிறைந்த நாளிலும் இருந்ததில்லை.

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம் அவர் நல்ல மெக்கானிக்காக இருந்ததுதான்.

கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. அதற்கென்று ஒரு மின்சுற்று உண்டு. பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, மெக்கானிக் ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே போட்டு மின்சாரம் அந்தச் சுற்றைத் தாண்டிப் போகும்படி செய்வார். லிஃப்ட் ஓடும். பழுது தெரிந்து சரிசெய்ததும் அந்த ஒயரை எடுத்தே ஆக வேண்டும். மறந்துவிட்டுப் போனால் கதவு திறந்தபடியே லிஃப்ட் நகரும், யாராவது சாவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் வக்கீல் கத்துவது இதைத்தான்: "ஒயரை எடுக்காம வீட்டுக்குப் போறவன் மெக்கானிக் இல்லடா, கொலைகாரன்!"

மாத்திரையை அவர் அந்த ஒயர்த் துண்டு என்று எடுத்துக்கொண்டார். வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. இனி அதை உள்ளே விட்டுவைப்பது தொழில் தெரிந்தவன் செய்கிற காரியமில்லை. ஒருநாள் காலை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. ஒயரை எடுத்ததை யாராவது ஊர்கூட்டிச் சொல்வார்களா?

நிறுத்திய புதிதில் தலைசுற்றல் வந்தது. வெயில் என்று நினைத்தார். பிறகு கொஞ்ச காலம் நன்றாகவே இருந்தார். அதன்பிறகு வாதங்கள் மறுபடியும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இந்தத் தடவை என் கொழுந்தியாள் ஏமாறவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் சமைத்துப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தாள். அவர் தட்டைக் காலிசெய்துவிட்டு எழுந்தார். அவள் கையைக்கூடக் கழுவவிடாமல் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தராத பரிசோதனை, ஆனால் முடிவு சரியாக இருந்தது.

டாக்டர் முன்னால்தான் ஒயர்க் கதை வெளியே வந்தது. வக்கீல் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் விளக்கினார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு லிஃப்ட் தெரியாதுங்க, மாத்திரை தெரியும்" என்றார் பிறகு. "நல்லாயிட்டோம்னு தோணுற நாள்ல இருந்து இன்னும் ஆறு மாசத்துக்குக் குறையாம சாப்பிடணும். இது திரும்பி வந்திருக்கிறதால உங்களுக்கு அதைவிடக் கூடவும் ஆகலாம். நிறுத்துறப்போ நான் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்துவேன். நீங்களா நிறுத்தக் கூடாது. புரியாதது இருந்தா என்கிட்ட சண்டை போடுங்க. சண்டை போடாம நிறுத்தாதீங்க."

இரண்டாம் தடவை குணமாக முதல் தடவையைவிட அதிக நாள் பிடித்தது. அளவைக் கூட்டினார்கள். கம்பெனி அவரை அலுவலகத்தில் புகார் ஃபோன் எடுக்கும் மேஜையில் உட்காரவைத்தது. நெட்டை வேறு ஆளோடு வேலைக்குப் போனார். மாலையில் மறக்காமல் வந்து வக்கீலோடு உட்கார்ந்துவிட்டுப் போவார், ஆனால் வேலைப் பேச்சை எடுக்க மாட்டார். வக்கீலும் கேட்கவில்லை. பழையபடி சிரிப்பு வந்தது, தூக்கம் வந்தது, என் கடைக்கு வந்து என் மானத்தை வாங்குவதும் நடந்தது. டாக்டர் வேலைக்குத் தகுதி என்று எழுதியும் கொடுத்துவிட்டார். ஆனால் வக்கீல் முகத்தில் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டேன்.

"டாக்டர் சர்டிஃபிகேட் குடுத்துட்டாங்கண்ணே. நெட்டை குடுக்கணுமே" என்றார். "அவன் என்னை நம்பி ஏறாத வரைக்கும் நான் என்னத்த குணமானேன்?"

அது ஒன்றும் கேட்டு வாங்கக்கூடிய பொருளில்லை.

மேனேஜருக்கு இந்த நுணுக்கமெல்லாம் தேவையில்லை. ஆள் தட்டுப்பாடு வந்தபோது இருவரையும் ஒரே வேலைக்குப் போட்டார். பழைய கட்டடம், பழைய லிஃப்ட். நெட்டை மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை, ஆனால் முதல்நாள் மாலை என் கடைக்கு வந்து கண்ணைச் சோதிக்கச் சொல்லிவிட்டு, சோதிக்கும்போது, "நாளைக்கு எப்படி ஏறப்போறேன்னு தெரியலங்க" என்றார். அவருக்கு வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். அவர்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை.

மறுநாள் நடந்ததை நெட்டைதான் சொன்னார். கீழே அறிவிப்புப் பலகை வைத்தாயிற்று. லிஃப்ட் நின்றுவிட்டதால் குடியிருப்பவர்கள் முனகிக்கொண்டே படியேறிக்கொண்டிருந்தார்கள். நெட்டை இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு கூரைமேல் இறங்கக் காலை வைத்தபோது வாக்கிடாக்கியில் வக்கீல் குரல்: "ஏறாதடா. நில்லு. நான் வர்றேன்."

படியிறங்கி மூச்சுவாங்க வந்து நின்றார். "இன்னிக்கு என்னால முடியாதுடா. மூணு நாளா சரியான தூக்கமில்ல. பேனலைப் பாத்தா கவனம் நிக்க மாட்டேங்குது. நோய் வருதோ, வெறும் பயமோ, தெரியல. ஆனா நீ மேல இருக்கும்போது நான் அதைச் சோதிச்சுப் பாக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதாராம். அந்த வேலைக்காக எத்தனை மாதம் காத்திருந்தார் என்பது நெட்டைக்குத் தெரியும். நெட்டை பட்டையைக் கழற்றி, மேனேஜரைக் கூப்பிட்டு, வேலையைத் தள்ளிவைக்கச் சொன்னார். மேனேஜர் கத்தியது ஃபோனுக்கு வெளியேயும் கேட்டது. குடியிருப்பவர்களும் அவர்கள் பங்குக்குக் கத்தினார்கள். இருவரும் வாங்கிக்கட்டிக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நோய் திரும்பவில்லை, வேலைக்குத் திரும்பும் பதற்றம்தான் என்றார். தூக்கத்துக்குச் சில யோசனைகள் சொல்லி, மாத்திரையை அப்படியே தொடரச் சொல்லி, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

என் கொழுந்தியாள் இடிந்துபோனாள். இனி அவர் ஃபோன் மேஜையைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வக்கீல் இரண்டு வாரம் அந்த மேஜையிலேயே உட்கார்ந்து புகார்களைக் கேட்டார். தூக்கம் மட்டும் திரும்ப வந்தது.

அந்த இரண்டாம் வாரக் கடைசியில் நெட்டை அலுவலகத்துக்கு வந்து, வக்கீலின் கருவிப்பையை அலமாரியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கெளம்பு. நீ பேனல், நான் மேல. மேனேஜர்கிட்ட நானே கேட்டு வாங்கிட்டேன்."

வக்கீல் ஃபோனைக் கீழே வைத்தார். "டேய், அன்னிக்கு முடியாதுன்னு சொன்னவன்டா நான்."

"தெரியும்" என்றார் நெட்டை. "அதனாலதான் ஏறுறேன்."